உங்களுக்குத் தெரியுமா? மெமரியில் ஒரு குத்தகை நிலம்

✦ பரம்பிக்குளம் எந்த மாவட்டம்? பாலக்காடு. சித்தூர் தாலுகா, முதலமடை ஊராட்சி. ஆனால் கொழிஞ்சாம்பாறைக்காரனான நான் அங்கே போக வேண்டுமென்றால் பொள்ளாச்சி, ஆனைமலை, சேத்துமடை, டாப்சிலிப் என்று தமிழ்நாட்டுக்குள் புகுந்துதான் போக வேண்டும். காகிதத்தில் ஒரு முகவரி, வண்டிக்கு வேறு வழி. கம்ப்யூட்டர் மெமரியிலும் இதே கதைதான். புரோகிராம் பார்ப்பது மெய்நிகர் முகவரி. ரேம் சிப்பில் டேட்டா கிடப்பது நிஜ முகவரியில். இரண்டையும் பொருத்திப் பார்க்கும் அட்டவணை சி.பி.யூ.வின் கையில் இருக்கிறது. கேமரா கார்டுக்கோ டிஸ்குக்கோ அது தெரியாது. "சரக்கை நிஜமாக எங்கே இறக்கட்டும்?" என்பதுதான் அவற்றின் கேள்வி. அதற்குப் பதில் சொல்கிற மென்பொருள் டிவைஸ் டிரைவர். பதினைந்து வருடமாக எனக்குச் சோறு போடுவது அந்தப் பதில்தான்.

✦ வருகிற ஒவ்வொரு பைட்டையும் சி.பி.யூ.வே தூக்கி மெமரியில் வைத்தால் அதற்கு வேறு வேலை ஓடாது. அதனால் கருவியே நேராக மெமரியில் எழுதவும் படிக்கவும் ஓர் ஏற்பாடு உண்டு. பெயர் டைரக்ட் மெமரி ஆக்சஸ், சுருக்கமாக டி.எம்.ஏ. 1981-இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் இதைக் கவனித்துக்கொண்டது இன்டெல் 8237 என்ற சிப். நான்கு சேனல், ஒரு தடவை அனுப்பும் சரக்கு 64 கேபி எல்லையைத் தாண்டக் கூடாது. பின்னால் வந்த ஐ.எஸ்.ஏ. கார்டுகளின் டி.எம்.ஏ.வுக்கு முதல் 16 எம்பி மெமரிதான் எட்டும். அந்தக் கார்டுகள் மறைந்து எத்தனையோ காலமாகிவிட்டது. பி.சி.களில் ஓடும் லினக்ஸ் இன்றும் முதல் 16 எம்பியை "டி.எம்.ஏ. ஸோன்" என்று தனியாக வைத்திருக்கிறது.

✦ கேரளத்தில் நிலம் உள்ள எல்லோருக்கும் தண்டப்பேர் தெரியும். வில்லேஜ் ஆபீசில் கரம் கட்டப் போனால் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். ஒரே தண்டப்பேரில் மூன்று ஏக்கர் இருக்கும். சர்வே நம்பரைப் பார்த்தால் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒன்றரை, பாறைக்கு மேலே ஒன்று, அக்கா வீட்டை ஒட்டி அரை என்று சிதறிக் கிடக்கும். புரோகிராம் டேட்டாவுக்காக வாங்கி வைத்திருக்கும் பெரிய பஃபரும் அப்படித்தான். அதன் கண்ணுக்கு ஒரே நீளமான நிலம். ரேமில் பார்த்தால் 4,096 பைட் பக்கங்களாகத் துண்டு துண்டாகக் கிடக்கிறது. 1 ஜிபி பஃபர் என்றால் 2,62,144 பக்கம். அத்தனை பக்கத்தின் நிஜ முகவரியையும் எடுத்து, வரிசை போட்டு, கார்டிடம் ஒரு பட்டியலாகக் கொடுக்க வேண்டும். லினக்ஸில் அந்தப் பட்டியலுக்கு ஸ்கேட்டர்லிஸ்ட் என்று பெயர். எனக்கு அது எப்போதும் சர்வே நம்பர் பட்டியல்தான்.

✦ அந்தப் பட்டியலே ஒரு சுமை. 2,62,144 பக்கங்களுக்கு ஆளுக்கொரு சுட்டி வைத்தால், சுட்டி 8 பைட் வீதம், அதற்கு மட்டும் 2 எம்பி. ஸ்கேட்டர்லிஸ்டில் ஒரு வரி 64 பிட் கணினியில் வழக்கமாக 32 பைட். பக்கத்துக்கு ஒரு வரி என்றால் 8 எம்பி. இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் இவ்வளவு மெமரியை ஒரே துண்டாகக் கேட்டால் கிடைப்பது கஷ்டம். அதனால் பட்டியலையும் துண்டுகளாக எழுதிச் சங்கிலி போலக் கோப்பார்கள். கார்டுக்கும் ஓர் அளவு உண்டு. 256 வரிக்கு மேல் ஏற்காத கார்டு என்றால், பக்கங்கள் அடுத்தடுத்து அமையாத பட்சத்தில் ஒரு நடைக்கு 1 எம்பிதான். 1 ஜிபிக்கு 1,024 நடை. எஸ்டேட்டில் கொழுந்து ஏற்றும் டிராக்டர் மாதிரி போய்ப் போய் வர வேண்டும்.

✦ ஒரு கணக்கு: 10,000 பைட் பஃபருக்கு எத்தனை பக்கம் வேண்டும்? மூன்று என்று சொல்லத் தோன்றும். ஆனால் புரோகிராம் தரும் பஃபர் பக்கத்தின் தொடக்கத்திலேயே ஆரம்பிக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. பக்கத்துக்குள் 3,000-ஆவது பைட்டில் ஆரம்பித்தால், 3,000-மும் 10,000-மும் சேர்ந்து 13,000. நான்கு பக்கத்தைத் தொடுகிறது. இந்த ஒரு பக்கத்தை விட்டுவிடுவதுதான் புதிதாக டிரைவர் எழுத வருபவர்கள் செய்யும் முதல் தப்பு. சோதிக்கும்போது பஃபர் எப்போதும் பக்க எல்லையில் தொடங்கியிருக்கும், எல்லாம் சரியாக ஓடும். வாடிக்கையாளரிடம் போனபின்தான் கடைசி சில பைட் காணாமல் போகும்.

✦ முகவரி தெரிந்துவிட்டது, போதுமா? போதாது. கெர்னல் பக்கங்களை ஓரிடத்தில் விட்டுவைக்காது. இடம் நெருக்கடியானால் டிஸ்குக்குத் தூக்கிப் போடும். ஒழுங்குபடுத்துகிறேன் என்று வேறிடத்துக்கு மாற்றும். கார்டு எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கம் நகர்ந்தால், எழுதியது அடுத்தவர் வீட்டில் போய் விழும். அதனால் வேலை முடியும் வரை பக்கம் நகரக் கூடாது என்று ஆணியடித்து வைக்க வேண்டும். இதைத்தான் "பின் செய்வது" என்கிறோம்.

பின் செய்வது ஒரு குத்தகை மாதிரி. முல்லைப் பெரியாறு அணை இருப்பது இடுக்கி மாவட்டத்தில். அணையைப் பராமரிப்பதும் இயக்குவதும் தமிழ்நாடு. தண்ணீர் சுரங்கம் வழியாக வைகைப் பக்கம் வருகிறது. 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் எழுதிக் கொடுத்த குத்தகை 999 ஆண்டுக்கு. நீர்த்தேக்கத்துக்கு 8,000 ஏக்கர். அந்த நிலத்தைச் சுற்றி இரண்டு மாநில மக்களுக்கும் உள்ள கவலையை நான் இங்கே எடைபோட வரவில்லை. குத்தகையின் அமைப்பைத்தான் சொல்ல வருகிறேன்: நிலம் ஒருவருடையது, பயன் இன்னொருவருக்கு, காலம் முடியும் வரை நிலத்தை வேறு எதற்கும் எடுக்க முடியாது. மெமரியிலும் குறுங்குத்தகை, நெடுங்குத்தகை இரண்டும் உண்டு. டிஸ்கில் ஒரு கோப்பை எழுத மில்லிவிநாடிக் கணக்கில் பிடித்து வைப்பது ஒன்று. புரோகிராம் உயிரோடு இருக்கும் வரை பிடித்து வைப்பது இன்னொன்று. இரண்டாவதற்கு லினக்ஸில் "ஃபோல் லாங்டெர்ம்" என்று தனிக் குறியே இருக்கிறது. அந்தக் குறியோடு கேட்டால், நகர்த்துவதற்கென்று ஒதுக்கிய பகுதியில் உள்ள பக்கங்களை கெர்னல் முதலில் வேறிடத்துக்கு மாற்றும், பிறகுதான் ஆணியடிக்கும். யாராலும் அசைக்க முடியாத பக்கம் அங்கே உட்கார்ந்துவிட்டால் அந்தப் பகுதியே வீணாகிவிடும்.

✦ ஒரு பக்கத்தை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று கெர்னல் எண்ணிக்கை வைத்திருக்கிறது. சாதாரணமாக ஒருவர் பிடித்தால் எண் 1 கூடும். பின் செய்தால்? 1,024 கூடும். 2020-இல் வந்த லினக்ஸ் 5.6-இல், என்விடியாவின் ஜான் ஹப்பர்ட் எழுதிய "பின் யூசர் பேஜஸ்" வந்தது; அதே ஆண்டின் 5.7 முதல் இப்படி. 1,024-ஐத் தாண்டிய எண்ணைக் கண்டால் "இதைக் கருவி பிடித்திருக்கலாம், ஜாக்கிரதை" என்று மற்ற பகுதிகள் ஒதுங்கிக்கொள்ளும். சாதாரணமாகவே ஆயிரத்துச் சொச்சம் பேர் பிடித்த பக்கமும் பின் ஆனது போலத் தெரியுமே என்றால், தெரியும்தான். வீணாக ஜாக்கிரதையாக இருப்பதில் நஷ்டம் குறைவு என்று தெரிந்தே அப்படி விட்டிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது.

✦ கம்பமெட்டுப் பக்கம் ஓர் ஏலக்காய் ஸ்டோர். காய்ந்த காயைச் சலித்து, 8 எம்.எம். போல்டு, 7 எம்.எம். என்று பிரித்தபின், நிறம் பார்த்துப் பிரிக்க ஒரு கலர் சார்ட்டர். காய் சரிவில் வழிந்து விழும்போது கேமரா கோடு கோடாகப் படம் எடுக்கும்; வெளுத்த காயைக் காற்று ஊதித் தள்ளிவிடும். ஒரு கோட்டில் 2,048 புள்ளி, புள்ளிக்கு 3 பைட், விநாடிக்கு 10,000 கோடு. பெருக்கினால் விநாடிக்கு 6 கோடியே 14 லட்சம் பைட். 64 எம்பி பஃபர் ஒரு விநாடியைக் கொஞ்சம் தாண்டியதும் நிரம்பிவிடும். அந்த 16,384 பக்கங்களையும் பின் செய்து கேமரா கார்டுக்குக் கொடுக்கும் டிரைவரை எழுதியவன் நான்.

காலையில் எட்டு மணிக்கு ஓடத் தொடங்கினால் மூன்று மணி நேரம் குறையே இல்லை. பதினொன்றேகாலுக்கு எடைச்சீட்டு அடிக்கும் புரோகிராம் செத்துப்போகும். சில நாள் சீட்டிலேயே குப்பை எழுத்து வரும். கேமரா பக்கம் ஒரு குறையும் இல்லை. எடைச்சீட்டு மென்பொருளைத்தான் எல்லோரும் திட்டினோம். மூன்று நாள் அதிலேயே போனது. கை பொறுக்கும் மேசையில் இருந்த ஓர் அக்காதான் சொன்னார்: "தம்பி, நாங்க டீ குடிச்சிட்டு வந்து மறுபடி காயைப் போட்டாத்தான் இதுக்குக் கிறுக்குப் பிடிக்குது. நிக்காம ஓடினா ஒண்ணும் ஆகல."

அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இருந்தது. டீ நேரத்தில் காய் விழுவது நிற்கும். காய் விழாவிட்டால் கேமராவுக்குத் தூண்டல் வராது, பஃபர் பாதியில் நிற்கும். இரண்டு விநாடி பார்த்துவிட்டு, "படம் வரவில்லை, நேரம் கடந்துவிட்டது" என்று என் டிரைவர் பக்கங்களை விடுவித்துவிடும். கார்டை நிறுத்தச் சொல்ல மட்டும் மறந்திருந்தேன். கார்டின் கையில் பழைய சர்வே நம்பர் பட்டியல் அப்படியே இருந்தது. டீ முடிந்து முதல் காய் விழுந்ததும், விட்ட இடத்திலிருந்து அது எழுதத் தொடங்கியது. அதற்குள் அந்தப் பக்கங்களை கெர்னல் எடைச்சீட்டுப் புரோகிராமுக்குக் கொடுத்திருந்தது. ஏலக்காயின் படம் எடைக் கணக்கின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

✦ அதனால் திருப்பிக் கொடுப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கார்டை நிறுத்த வேண்டும். நின்றுவிட்டேன் என்று கார்டு சொல்லும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு கார்டுக்குக் கொடுத்த முகவரிப் பட்டியலை, அதாவது டி.எம்.ஏ. மேப்பிங்கை, எடுக்க வேண்டும். கார்டு எழுதியிருந்தால் பக்கங்களை "அழுக்கு" என்று குறிக்க வேண்டும். கடைசியில்தான் ஆணியைப் பிடுங்க வேண்டும். அழுக்குக் குறி எதற்கு? சி.பி.யூ. எழுதினால் அதன் அட்டவணையில் தடம் பதியும். கருவி எழுதினால் பதியாது. டிரைவர் சொல்லாவிட்டால், இந்தப் பக்கம் டிஸ்கில் உள்ள பிரதி மாதிரியேதான் இருக்கிறது என்று கெர்னல் நம்பி, புதிதாக வந்த டேட்டாவைத் தூக்கி எறிந்துவிடக் கூடும்.

✦ பத்துப் பக்கம் பின் செய்யக் கேட்டால் ஏழுதான் கிடைத்தது என்று கெர்னல் சொல்லலாம். பிழை என்று கத்தாது. 7 என்ற எண்ணைத் திருப்பித் தரும், அவ்வளவுதான். அந்த ஏழையும் ஒழுங்காக விடுவித்துவிட்டுத்தான் பின்வாங்க வேண்டும். மறந்தால் அந்த ஏழு பக்கமும் கணினியை அணைக்கும் வரை யாருக்கும் இல்லை.

✦ வாளையாறு சோதனைச் சாவடியில் லாரிகள் மைல் கணக்கில் வரிசை கட்டி நின்றதை எங்கள் பக்கத்து ஆட்கள் மறக்க மாட்டார்கள். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த வணிக வரிச் சோதனை போயிற்று. கணினியில் ஐ.ஓ.எம்.எம்.யூ. என்பது அப்படி ஒரு சாவடி. ஒவ்வொரு கருவிக்கும் எந்தப் பக்கத்துக்குப் போகலாம் என்று தனி அனுமதிச் சீட்டு. சீட்டில் இல்லாத பக்கத்தைத் தொட்டால் அங்கேயே தடுத்து, பதிவேட்டில் எழுதிவிடும். இன்டெல் இதை வி.டி.-டி என்கிறது, ஏ.எம்.டி. ஏ.எம்.டி.-வி.ஐ. என்கிறது. ஏலக்காய் ஸ்டோர் கணினியில் இந்த வசதி இருந்தது. பயாஸில் அணைத்து வைத்திருந்தார்கள். போட்டிருந்தால் முதல் நாள் பதினொன்றேகாலுக்கே என் தப்பு பதிவேட்டில் அகப்பட்டிருக்கும். தயவுசெய்து போட்டு வையுங்கள்.

✦ அந்தச் சாவடியால் இன்னொரு நன்மையும் உண்டு. சிதறிக் கிடக்கும் பக்கங்களைக் கருவியின் கண்ணுக்கு அடுத்தடுத்து இருப்பது போலக் காட்டும். ஆயிரம் சர்வே நம்பர் இருந்தாலும் கார்டுக்கு ஒரே வேலிக்குள் ஒரே நிலம்.

✦ சாவடி இருந்தால் மட்டும் காவல் ஆகிவிடாது. 2019-இல் கேம்பிரிட்ஜ், ரைஸ் பல்கலைக்கழகங்களும் எஸ்.ஆர்.ஐ. இன்டர்நேஷனலும் சேர்ந்து வெளியிட்ட "தண்டர்கிளாப்" ஆய்வு, தண்டர்போல்ட் துளையில் செருகும் ஒரு கள்ளக் கருவி டி.எம்.ஏ. வழியாகக் கணினியின் மெமரியைப் படிக்க முடியும் என்று காட்டியது. ஐ.ஓ.எம்.எம்.யூ. இருந்தும் பல இயங்குதளங்கள் அதைப் பயன்படுத்திய விதத்தில் ஓட்டை இருந்தது.

✦ 32 பிட் முகவரி மட்டும் தெரிந்த பழைய கார்டு 4 ஜிபிக்கு மேலுள்ள மெமரியைத் தொட முடியாது. பஃபர் அதற்கு மேல் இருந்தால்? போடிமெட்டு ஏறி வரும் பெரிய லாரி எஸ்டேட் பாதைக்குள் போகாது. ரோட்டோரத்தில் நிறுத்தி ஜீப்புக்கு மாற்றுவார்கள். லினக்ஸும் கீழ்ப்பகுதியில் ஒரு மாற்றுக் களம் வைத்திருக்கிறது, வழக்கமாக 64 எம்பி. கார்டு அங்கே இறக்கும், சி.பி.யூ. அங்கிருந்து பஃபருக்குச் சுமக்கும். பெயர் பவுன்ஸ் பஃபர். வேலை நடக்கும். டி.எம்.ஏ.வால் மிச்சமான நேரம் அதில் போய்விடும்.

✦ சி.பி.யூ.வுக்கு மெமரிக்கு முன்னால் கேஷ் என்ற சிறு கையிருப்பு உண்டு. கார்டு மெமரியில் புதிதாக எழுதியது தெரியாமல் கேஷில் உள்ள பழையதையே சி.பி.யூ. படித்துக்கொண்டிருக்கலாம். பி.சி.யில் வன்பொருளே இதைப் பார்த்துக்கொள்கிறது. ஏ.ஆர்.எம். சிப் வைத்த பல சிறு போர்டுகளில் டிரைவர்தான் "ஒத்திசை" என்று சொல்ல வேண்டும். பி.சி.யில் எழுதிச் சோதித்த டிரைவர் சிறு போர்டில் போனதும் அரைகுறைப் படம் தருகிறதா? முதலில் இங்கே தேடுங்கள்.

✦ எல்லாவற்றையும் பின் செய்யத்தான் வேண்டுமா? வேண்டாம். சில நூறு பைட்டுக்காகப் பக்கத்தைத் தேடி, ஆணியடித்து, மேப் செய்து, பிறகு எல்லாவற்றையும் கழற்றுவதைவிட ஒரு தடவை நகலெடுத்துவிடுவது மலிவு. இடுக்கி எல்லையை ஒட்டி, தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில், போடி மேற்கு மலைக்குள் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 50,000 டன் இரும்புக் காந்தம். அடுக்குகளுக்கிடையே 28,800 உணர்தகடுகள். தகட்டுக்கு 128 பட்டை வீதம் 36,86,400 சிக்னல் வழி. இவ்வளவு பெரிய கருவியில் ஒவ்வொரு தகட்டிலிருந்தும் வரும் செய்தி மட்டும் சிறியது. தகட்டுக்கு ஒரு சிறு போர்டு, அது ஈதர்நெட் வழியாகப் பொட்டலம் அனுப்பும் என்பதுதான் வடிவமைப்பு. இங்கே பெரிய பஃபரை மேப் செய்வது பிரச்சினையே அல்ல. ஏராளமான சின்னப் பொட்டலங்களை நேரம் தவறாமல் கோப்பதுதான் பிரச்சினை. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டம், மேற்குத் தொடர்ச்சி மலை பற்றிய அச்சமும் எதிர்ப்பும் வழக்குமாக நின்றுபோனது. 85 டன்னில் அதன் சிறு வடிவத்தை மதுரையில் அமைத்திருக்கிறார்கள்.

✦ நேர் எதிர் வகை, நிற்காமல் ஓடும் டேட்டா. ஊட்டி முத்தோரையில் மலைச்சரிவின் மேல் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமுமாகக் கிடக்கும் ரேடியோ தொலைநோக்கி 1970-இல் வந்தது. நடுவில் வரிசையாக 1,056 டைபோல். வானத்திலிருந்து வரும் சிக்னல் டீ நேரம் பார்ப்பதில்லை. இந்த மாதிரி ஓடைக்கு ஒவ்வொரு தடவையும் பின் செய்து கழற்றுவது கட்டாது. தொடக்கத்திலேயே சில பஃபர்களை வட்டமாகக் கோத்து ஒரு முறை பின் செய்துவிட வேண்டும். கார்டு ஒன்றை நிரப்பும்போது புரோகிராம் முந்தையதைப் படிக்கும். சுற்று முடிந்தால் மறுபடி முதலிலிருந்து.

✦ 1877-இல் பூஞ்சாறு அரசர் ஜான் டேனியல் மன்றோவுக்கு எழுதிக் கொடுத்த கண்ணன் தேவன் மலைகள் சுமார் 1,37,000 ஏக்கர். ஒரே பத்திரம். அதைச் சிறு சிறு துண்டாகப் பதிந்திருந்தால் எத்தனை பத்திரம் வேண்டியிருக்கும்! மெமரியிலும் பெரிய பக்கம் உண்டு. இன்டெல், ஏ.எம்.டி. கணினிகளில் 2 எம்பி, 1 ஜிபி என இரண்டு அளவு. 1 ஜிபி பஃபரை 4 கேபி பக்கத்தில் வைத்தால் 2,62,144 வரி. 2 எம்பி பக்கத்தில் வைத்தால் 512. டிரைவர் ஒரு வரியும் மாறாமல் வேகம் கூடும். பெரிய பஃபர் வேண்டும் என்று யார் கேட்டாலும் "முதலில் ஹியூஜ் பேஜ் போட்டுப் பாருங்கள்" என்பதே என் முதல் பதில்.

✦ என் இரண்டாவது பதில்: பஃபரை நீங்கள் கொடுக்காதீர்கள், டிரைவரிடம் கேட்டு வாங்குங்கள். டிரைவரே தனக்கு ஏற்ற இடத்தில் மெமரி ஒதுக்கி, அதைப் புரோகிராமின் முகவரிக்குள் காட்டினால், பின் செய்யும் வேலையே இல்லை. லேப்டாப் கேமரா பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகிறது. 2012-இல் லினக்ஸ் 3.5-இல் வந்த சி.எம்.ஏ. என்ற ஏற்பாடு, கைபேசி போன்ற சிறு கருவிகளுக்குத் தொடர்ச்சியான பெரிய துண்டு கிடைக்க வழி செய்தது. ஆனால் ஏற்கெனவே டேட்டாவோடு பல ஜிபி பஃபரைக் கையில் வைத்திருக்கும் விஞ்ஞானிக்கு இந்த யோசனை உதவாது. அவருக்குப் பின் செய்துதான் கொடுக்க வேண்டும்.

✦ கைபேசிக் கேமரா எடுத்த படத்தை நகலே எடுக்காமல் வீடியோ சிப்புக்கும் திரைக்கும் கைமாற்ற லினக்ஸில் உள்ள வழி டி.எம்.ஏ.-பஃப். 2012-இல் லினக்ஸ் 3.3-இல் அதைக் கொண்டுவந்தவர் சுமித் செம்வால். அதற்கு முன்பே, லினக்ஸின் அசிங்க்ரனஸ் ஐ.ஓ. வேலையில் ஐ.பி.எம்.மின் சுபர்ணா பட்டாச்சார்யா முன்னணியில் இருந்தார். 2008-இல் வெளியான "எசென்ஷியல் லினக்ஸ் டிவைஸ் டிரைவர்ஸ்" ஸ்ரீகிருஷ்ணன் வெங்கடேஸ்வரன் எழுதியது. இந்தத் துறை எங்கோ வெளிநாட்டுக்காரர்களுக்கு என்று நினைக்கும் பிள்ளைகளிடம் இந்த மூன்று பெயரையும் சொல்லுங்கள்.

✦ 2001-இல் வந்த லினக்ஸ் 2.4-இல், புரோகிராமின் பக்கங்களைப் பிடித்துக் கொடுக்கும் வேலைக்கு "கியோபஃப்" என்று ஒன்று இருந்தது. அடுத்த 2.6-க்குள் அதையே தூக்கிவிட்டார்கள். பழைய டிரைவர் புத்தகத்தை வைத்துப் படிப்பவர்கள் இதைத் தேடி அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

✦ 2016 அக்டோபரில் உலகத்தையே உலுக்கிய "டர்ட்டி கௌ" ஓட்டை, பயனரின் பக்கங்களைப் பிடித்துக் கொடுக்கும் "கெட் யூசர் பேஜஸ்" பாதையில்தான் இருந்தது. படிக்க மட்டும் அனுமதியுள்ள கோப்பில் ஒரு சாதாரணப் பயனர் எழுதி, கணினிக்கே எஜமானாகிவிட முடியும். ஆண்ட்ராய்டு கைபேசிகளும் தப்பவில்லை. 2007-இல் வந்த 2.6.22 முதல் ஒன்பது வருடம் அது அங்கேயே இருந்தது. அதன் வேரான பழைய சிக்கலைத் தானே 2005-இல் ஒரு தடவை சரிசெய்ய முயன்றதாகவும், வேறொரு சிக்கலால் அந்தத் திருத்தம் எடுக்கப்பட்டதாகவும் லைனஸ் டோர்வால்ட்ஸே பதிவு செய்திருக்கிறார்.

✦ யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் பின் செய்தால் மற்ற புரோகிராம்கள் மூச்சு முட்டிச் சாகும். அதற்கு உச்சவரம்பு உண்டு. லினக்ஸில் வெகுகாலம் சாதாரணப் பயனருக்கு அது 64 கேபி, அதாவது பதினாறே பக்கம். 2022 ஜனவரியில் வந்த 5.16-இல்தான் 8 எம்பி ஆயிற்று. "என் கணினியில் ஓடுகிறது, அங்கே ஓடவில்லை" என்று வரும் புகார்களில் நான் முதலில் பார்ப்பது இந்த வரம்பைத்தான்.

✦ திருவனந்தபுரம் சி-டாக் வடிவமைத்த வேகா வரிசையில் தேஜஸ்32 என்ற சிப் இருக்கிறது. 256 கேபி மெமரி, மைக்ரோகண்ட்ரோலர் வகை. மெய்நிகர் முகவரி இல்லை, பக்கம் நகர்வதில்லை; மேலே சொன்ன தலைவலிகளில் பெரும்பாலானவை அங்கே கிடையாது. டி.எம்.ஏ. கற்க விரும்பும் மாணவர், அந்த வசதி உள்ள இந்த வகைச் சிப் ஒன்றில் தொடங்குவது நல்லது. லினக்ஸ் ஓடும் பெரிய சிப்புக்கு அதன்பின் போகலாம்.

✦ 2015-இல் தொடங்கிய பாலக்காடு ஐ.ஐ.டி., தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் திட்டத்தின் பயிற்சி மையங்களில் ஒன்று. காரக்பூர், சென்னை, கோவாவிலும் மையங்கள் உண்டு. சூப்பர்கம்ப்யூட்டரில் ஒரு கணினியின் மெமரியிலிருந்து இன்னொன்றின் மெமரிக்கு, இரண்டு சி.பி.யூ.வையும் தொந்தரவு செய்யாமல் டேட்டாவை அனுப்பும் முறை ஆர்.டி.எம்.ஏ. அங்கேதான் நெடுங்குத்தகையாகப் பின் செய்வது அன்றாட வழக்கம்.

✦ கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் 2001-இல் ஐ.டி.@ஸ்கூல் என்று தொடங்கியதுதான் இன்றைய கைட். சித்தூரிலும் மூணாறிலும் தமிழ் மீடியத்தில் படிக்கும் பிள்ளைகளும் அதன் லினக்ஸ் லேப்டாப்பில்தான் படிக்கிறார்கள். புதிய கெர்னல் உள்ள லேப்டாப்பில் "புரோக்" என்ற அடைவுக்குள் "விஎம்ஸ்டாட்" என்ற கோப்பைத் திறந்தால், "ஃபோல் பின்" என்ற சொல்லோடு இரண்டு வரி தெரியும். ஒன்று இதுவரை ஆணியடித்த பக்கங்களின் எண்ணிக்கை, இன்னொன்று பிடுங்கியது. கணினி சும்மா இருக்கும்போது, யாரும் நெடுங்குத்தகை பிடித்திராவிட்டால், இரண்டும் சமமாக இருக்க வேண்டும்.

டிரைவரைத் திருத்திப் போட்ட மறுநாள், கம்பமெட்டில் பதினொரு மணிக்குக் காய் விழுவது நின்றது. எல்லோரும் டீக்குப் போனார்கள். நான் அந்தக் கோப்பைத் திறந்து இரண்டு எண்ணையும் ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டேன். கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருந்தது. பதினொன்றேகாலுக்கு அந்த அக்கா காயைக் கொட்டிவிட்டு, எடைச்சீட்டு வரும் வரை என் பக்கத்திலேயே நின்று பார்த்தார்.